ஊதா ஒயர்

“நைட்டு ஷட்டவுன் பண்ணிட்டுதான் அண்ணே கடைய பூட்டினேன். காலைல வந்து சுவிட்ச அமுக்கினா ஒண்ணுமே வரல.” கடலூரில் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஒரு கடையில் மழைக்காலத்தில் பத்து நாள் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது காதில் விழும். கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஜெராக்ஸ் கடைக்காரராக இருப்பார், அல்லது மருந்துக் கடையில் பில் போடுகிறவராக இருப்பார். அடுத்து நடப்பதும் வழக்கமானதுதான். கையில் இருக்கிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பவர் சப்ளை பெட்டியை, மாட்டிப் பார்ப்பார்கள். ஃபேன் அசையாது, அல்லது ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றுவிடும். “எஸ்எம்பிஎஸ் போர்டையும் சேர்த்து அடிச்சிடுச்சு, போர்டு போச்சு” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வந்தவர் கிளம்பும்போது கடைசியாக ஒன்று கேட்பார்: “ஆஃப்லதானே இருந்துச்சு, எப்படிண்ணே போகும்?” அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. “கரண்ட் ஏறி இறங்கியிருக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடிப் போனால், பாதி ரிப்பேர் அங்கேயே கிடைக்கிறது. “போர்டு போச்சு” என்ற தீர்ப்பு பெரும்பாலும் மீட்டரையே எடுக்காமல் சொல்லப்படுகிறது என்பது நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம். ஒரு மதர்போர்டில் ஆயிரத்துக்கும் மேலான பாகங்கள் இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ் கெட்டு அடித்த அடியில் செத்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம், மூன்றாக இருக்கலாம். அந்த மூன்றும் தெரியாமல் மொத்தத்தையும் தூக்கிப்போடச் சொல்வது நியாயமே இல்லை. எச்61 போர்டில் ஓடுகிற பழைய மெஷின் என்றால் போர்டோடு டிடிஆர்3 ரேமும் பிராசஸரும் சேர்ந்து வெளியே போகின்றன. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காகவே பேரலல் போர்ட் உள்ள போர்டை வைத்திருக்கிற ரைஸ் மில்களும் லாரி ஷெட்களும் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. அவர்களுக்கு மாற்றுப் போர்டு என்று கிடைப்பதும் யாரோ ஓட்டிக் கழித்த பழைய போர்டுதான்.

ஆஃப் ஆனாலும் ஆஃப் ஆகாத பாதி

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு சப்ளை இருக்கிறது. பெரியது, கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் 12, 5, 3.3 வோல்ட் கொடுப்பது. சின்னது, சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை இரவு பகலாக 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பது. அந்த 5 வோல்ட் போர்டுக்கு வரும் வழிதான் 24 பின் கனெக்டரில் இருக்கிற ஊதா நிற ஒயர், 9-வது பின். முன்னால் இருக்கிற பட்டனை அமுக்கினால் போர்டு விழித்துக்கொள்வது இந்த ஸ்டேண்ட்பை மின்சாரத்தால்தான். ஷட்டவுன் கொடுத்த பிறகும் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவதும், லேன் போர்ட்டில் விளக்கு மினுக்குவதும் இதனால்தான்.

மலிவான, பழைய எஸ்எம்பிஎஸ்களில் இந்தச் சின்ன சப்ளையை இரண்டே டிரான்சிஸ்டரில் கட்டியிருப்பார்கள். அவுட்புட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதற்குச் சொல்வது டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு துணைச் சுற்றும், அதோடு இருக்கிற ஒரு குட்டி எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரும். 10 முதல் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் போட்டிருக்கும். கடையில் பத்து ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். சூடாகிற பாகங்களுக்கு நடுவில் அது உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ததும் எஸ்எம்பிஎஸ் ஃபேன் நின்றுவிடுகிறது, ஸ்டேண்ட்பை மட்டும் காற்றோட்டமே இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. கடலூர் வெயிலில், ஷட்டர் இழுத்து மூடிய கடைக்குள், வருஷக்கணக்காக. கெபாசிட்டருக்குள் இருக்கிற திரவம் மெல்ல மெல்ல உலர்கிறது. உலர்ந்ததும் அது சொல்கிற அளவு தப்பாகிறது. அவுட்புட் குறைந்துவிட்டது என்று நினைத்து சப்ளை தள்ளித் தள்ளிக் கொடுக்கிறது. 5 வோல்ட் வரவேண்டிய ஊதா ஒயரில் 8, 10, சில சமயம் 12 வோல்ட்டுக்கும் மேலே ஏறிவிடுகிறது. இரவில் லோடு குறைந்து லைன் வோல்டேஜ் உயர்கிற நேரம் வேறு. கேட்டவருக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்: ஆஃபில் இருந்ததால் தப்பிக்கவில்லை, ஆஃபில் இருந்த நேரத்தில்தான் அடி வாங்கியது.

இது தெரிந்ததும் தேடவேண்டிய இடமும் தெரிந்துவிடுகிறது. ஊதா ஒயர் போர்டில் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம்தான் சேதம். அதை 3.3 வோல்ட்டாகக் குறைக்கிற ரெகுலேட்டர், அந்த 3.3-ல் விழித்திருந்து பவர் பட்டனைக் கவனிக்கிற சூப்பர் ஐஓ சிப், லேன் சிப், சிப்செட்டின் ஒரு பகுதி, பல போர்டுகளில் பயாஸ் சிப், பிறகு யுஎஸ்பி போர்ட்கள். பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு இந்தப் பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கு மின்சாரமே போகாத நேரத்தில் நடந்த விபத்து இது. “பிராசஸரும் போயிருக்கும்” என்று சொல்லி அதையும் சேர்த்து மாற்றச் சொல்வதற்கு முன் இதை ஒரு கணம் யோசிக்கவேண்டும். ராத்திரி யுஎஸ்பியிலேயே விட்டுப்போன பென் டிரைவும், ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டரிலேயே குத்திவைத்திருக்கிற டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனும்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவை.

எதிர்மாறான நிலையும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் ஃபியூஸ் கண்ணாடி கறுத்து, சுவர் மின்சாரம் நேராக வருகிற பிரைமரி பக்க டிரான்சிஸ்டர் வெடித்துக் கிடந்தால், அது பயங்கரமாகத் தெரிந்தாலும் போர்டுக்கு நல்ல செய்தி. சுவர் மின்சாரத்துக்கும் போர்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. பிரைமரி செத்தால் பெரும்பாலும் அவுட்புட்டும் அடங்கிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோதும், 2024 நவம்பர் 30-ல் ஃபெங்கல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் அனுபவித்த ஊர் இது. புயலுக்குப் பிறகு லைன் கொடுக்கும்போது எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டுப் பிளக்கில் 230-க்குப் பதில் 350, 400 வோல்ட் வரை வரலாம். 400 வோல்ட் ஏசி என்றால் உள்ளே 565 வோல்ட் டிசி. தலா 200 வோல்ட் தாங்குகிற இரண்டு கெபாசிட்டர் அதைப் பங்கிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 280-க்கு மேல் விழுகிறது, வெடிக்கிறது. சத்தம் கேட்டு நின்றுபோன எஸ்எம்பிஎஸ்ஸைவிட, சத்தமே இல்லாமல் ஃபேன் சுற்றிக்கொண்டு தப்பான வோல்டேஜ் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்தான் போர்டைக் கொல்கிறது.

முதலில் ஹார்ட் டிஸ்க்

போர்டைத் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும். கடைக்கு அதில் இருக்கிற கணக்குதான் முக்கியம், போர்டு அப்புறம். 12 அல்லது 5 வோல்ட் ஏறியிருந்தால் 3.5 இஞ்ச் டிஸ்க்கும் செத்தது போலக் கிடக்கும், சுற்றவே சுற்றாது. அதன் சர்க்யூட் போர்டில் சாட்டா பவர் கனெக்டருக்குப் பக்கத்திலேயே இரண்டு கறுப்பு டயோடுகள் இருக்கும், ஒன்று 5 வோல்ட் லைனுக்கு, ஒன்று 12 வோல்ட் லைனுக்கு. டிவிஎஸ் டயோடு என்பார்கள். வோல்டேஜ் எல்லை மீறும்போது தானே ஷார்ட் ஆகி, பின்னால் இருக்கிற சிப்களைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. மீட்டரை பஸ்ஸரில் வைத்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். பீப் அடித்தால் அந்த டயோடு தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். சால்டரிங் அயர்னால் அதை எடுத்துவிட்டு, அளந்து பார்த்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டால் பல டிஸ்க்குகள் அப்படியே சுற்ற ஆரம்பிக்கும். டயோடு இல்லாமல் டிஸ்க் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதனால் முதல் வேலையாகத் தகவலை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, பிறகு அதே அளவு டயோடு போடலாம். டயோடோடு சேர்ந்து பக்கத்தில் இருக்கிற 0 ஓம் ரெசிஸ்டரும் அறுந்திருந்தால் அதையும் பார்க்கவேண்டும். இது பத்து நிமிட வேலை. இது தெரியாமல் டேட்டா ரெக்கவரி என்று சென்னைக்கு டிஸ்க்கை அனுப்பி ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை விசாரித்தல்

புது எஸ்எம்பிஎஸ்ஸை உடனே போர்டில் மாட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற தவறு. போர்டில் ஷார்ட் இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொண்டு நின்றுவிடும். மலிவானது என்றால் அதுவும் கூடவே போகும். முதலில் பழையதைத் தனியாக வைத்து அளக்கவேண்டும், அது எப்படிக் கெட்டது என்பதுதான் வழிகாட்டி. எந்த இரண்டு ஒயரையும் இணைக்காமல் பிளக்கை மட்டும் போட்டு ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்கவேண்டும். 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாகக் கொடுத்தும் பாருங்கள், கொடுக்காமலும் பாருங்கள். இந்தக் கோளாறு சூடேறிய பிறகு தலைகாட்டும் என்பதால் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி அளப்பது நல்லது. முதல் நிமிடத்தில் 5.1 காட்டிவிட்டு அப்புறம் 7-க்கு ஏறுகிற எஸ்எம்பிஎஸ் உண்டு.

பிறகு பச்சையையும் கறுப்பையும் ஒரு ஒயரால் இணைத்து முழு சப்ளையையும் ஓட விடலாம். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் 21 வாட் கார் பிரேக் லைட் பல்பு ஒன்றை லோடாக மாட்டவேண்டும். லோடு இல்லாமல் அளந்தால் அளவு ஏமாற்றும். மஞ்சள் 11.40 முதல் 12.60, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47. சாம்பல் ஒயரை மறக்கவே கூடாது. எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்கிற சிக்னல் அது, ஓட ஆரம்பித்து அரை நொடிக்குள் 5 வோல்ட்டை ஒட்டி வந்துவிடவேண்டும். அது வராவிட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது. அங்கேயும் பழி போர்டின் மேல்தான் விழுகிறது. எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கிற எஸ்எம்பிஎஸ் என்றால் பின் எண்ணை வைத்துப் போகவேண்டும்: 8 சாம்பல், 9 ஊதா, 16 பச்சை.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிரைமரி கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். மீட்டர் வைத்து இறங்கிவிட்டது என்று பார்க்காமல் உள்ளே விரல் வைக்கக்கூடாது. பழக்கம் இல்லாதவர் திறக்கவே வேண்டாம், வெளியிலிருந்து அளந்தாலே போதும்.

போர்டில் மீட்டர் வைக்கும்போது

போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, ரேம், கார்டு, பிராசஸர், 3 வோல்ட் பேட்டரி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பின்கள் போர்டிலேயே இருக்கிற எல்ஜிஏ சாக்கெட் என்றால் உடனே மூடியைப் போட்டுவிடுங்கள். ஒரு பின் வளைந்தால் வேலை இரட்டிப்பாகிவிடும். முதலில் கண்ணால் பார்ப்பது. 24 பின் கனெக்டர் பக்கத்திலும் யுஎஸ்பி போர்ட் பக்கத்திலும் 6.3 வோல்ட் என்று எழுதிய கெபாசிட்டர்கள் மட்டும் தலை உப்பியிருந்தால், 16 வோல்ட் எழுதியவை தட்டையாகவே இருந்தால், ஊதா ஒயர்தான் குற்றவாளி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். 6.3 தாங்குகிறதற்கு 10 கொடுத்திருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை போன்ற இடங்களிலிருந்து வருகிற போர்டுகளில் உப்புக் காற்றால் சிப் கால்களில் பச்சை படர்ந்திருக்கும். அந்தப் பச்சையே ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் வைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவைத்த பிறகே அளக்கவேண்டும். இல்லாவிட்டால் அழுக்கை அளந்துவிட்டு ஷார்ட் என்று முடிவு கட்டிவிடுவோம்.

மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். சாதாரண மீட்டரில் ஒயருக்கே 0.3, 0.5 ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளவேண்டும். 200-ஐத் தாண்டினால் மீட்டரை அடுத்த பெரிய அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை 24 பின் கனெக்டரில் ஒவ்வொரு லைனிலும். இந்தச் சோதனைக்கு பஸ்ஸரை நம்பவேண்டாம். பல மீட்டர்கள் 30, 50 ஓமுக்கே பீப் அடித்துவிடும், இயல்பாகவே அவ்வளவு குறைவாக இருக்கிற லைன்களும் போர்டில் உண்டு. ஊதா, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் வழக்கமாக நூறு ஓமுக்கு மேல், பல போர்டுகளில் சில நூறு அல்லது ஆயிரத்தில் இருக்கும். பிராசஸருக்குப் போகிற 4 பின் அல்லது 8 பின் மஞ்சள் இன்னும் அதிகமாக இருக்கவேண்டும். 2, 3 ஓம் காட்டினால் அங்கே ஷார்ட். அதே மாடலில் நல்ல போர்டு ஒன்று கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைப்போல உறுதியான வழி வேறில்லை.

ஊதாவில் ஷார்ட் இல்லை என்பதோடு நிறுத்திவிடக் கூடாது, அடுத்த படியாக 3.3 ஸ்டேண்ட்பையைப் பார்க்கவேண்டும். அளக்க எளிதான இடம் பயாஸ் சிப்பின் 8-வது கால், கிரவுண்டுக்கு 4-வது கால். லேன் சிப்பைச் சுற்றி இருக்கிற பொடிக் கெபாசிட்டர்களிலும் அளக்கலாம். ஊதாவில் 800 ஓம் காட்டும், இங்கே 1.5 ஓம் காட்டும். ரெகுலேட்டருக்கு இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் ஷார்ட். சர்வீஸ் கடைகளில் தவறவிடப்படுகிற இடம் இதுதான்.

எது சுடுகிறது

3.3 ஸ்டேண்ட்பை லைனில் ஒரு டஜனுக்கும் மேல் பாகங்கள் இணையாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே ஒயரில் கட்டியது போல, எங்கே தொட்டாலும் அதே 1.5 ஓம்தான் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது மூடத்தனம். அந்த லைனுக்கு வெளியிலிருந்து கொஞ்சமாக மின்சாரம் கொடுத்து, எது சுடுகிறது என்று பார்ப்பதுதான் முறை. பெஞ்ச் சப்ளை இருந்தால் 1 வோல்ட்டில் ஆரம்பிக்கலாம், கரண்ட் எல்லை 1 ஆம்பியர். இல்லாதவர்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற எக்ஸ்எல்4015 மாட்யூலை ஒரு 12 வோல்ட் அடாப்டரோடு வைத்துக்கொள்ளலாம். அதில் வோல்டேஜுக்கு ஒரு திருகு, கரண்ட்டுக்கு ஒரு திருகு. குறைந்தது 1.25 வோல்ட் வரும், அது போதும். மாட்யூலை முதலில் தனியாக ஓடவிட்டு மீட்டரில் 1.25 என்று பார்த்த பிறகே போர்டில் தொடவேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் 3.3-ஐத் தாண்டக்கூடாது. ஷார்ட் இல்லாத மற்ற சிப்களும் அதே லைனில்தான் இருக்கின்றன.

1.25 வோல்ட்டில் 1.5 ஓம் என்றால் 0.8 ஆம்பியர், சுமார் 1 வாட். ஒரு சின்னச் சிப்புக்குள் 1 வாட் போனால் அரை நிமிடத்தில் விரலுக்குத் தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் அந்தப் பகுதியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லியதாகத் தடவிவிட்டுக் குனிந்து பாருங்கள். ஈரம் எங்கும் ஒரே மாதிரி பளபளக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பளபளப்பு வட்டமாக விலகி, உலர்ந்த கறுப்புத் தெரிய ஆரம்பிக்கும். அந்த வட்டத்தின் நடுவில் இருப்பதுதான் செத்த பாகம். இந்த வேலையில் இதைவிட மனநிறைவு தருகிற கணம் வேறு கிடையாது.

அடிக்கடி அந்த வட்டம் விழுவது லேன் சிப்பின் மேல், ரியல்டெக் ஆர்டிஎல்8111 வகை. சுண்டுவிரல் நகத்தளவு சதுரம், கால்கள் அடியில் மடங்கி, வயிற்றுக்குக் கீழே ஒரு பெரிய கிரவுண்ட் தகடு. அந்தத் தகடு போர்டின் உள்ளடுக்குச் செம்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அயர்னால் மட்டும் வராது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களை அலுமினியத் தாளால் மூடி, ஃப்ளக்ஸ் தடவி, போர்டை முதலில் தூரத்திலிருந்து ஒரு நிமிடம் வெதுவெதுப்பாக்கிவிட்டு, ஹாட் ஏரை 350 டிகிரியில் நேரே பிடிக்கவேண்டும். ஈயம் கலக்காத சால்டர் 217 டிகிரி வாக்கில்தான் உருகும். ஓரக் கால்களில் சாதாரண ஈயச் சால்டரை முதலில் ஏற்றிவிட்டால் கொஞ்சம் சீக்கிரம் இளகும். ட்வீசரால் தொட்டால் சிப் தானே மிதக்கிற மாதிரி அசையவேண்டும், அப்போதுதான் தூக்கவேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும்.

எடுத்த பிறகு மறுபடி ஓம் அளந்து பாருங்கள். 1.5 ஓம் இருந்த இடத்தில் சில நூறு காட்டினால் வேலை முடிந்தது. லேன் சிப் இல்லாமலே போர்டு ஓடும். ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டோ யுஎஸ்பி அடாப்டரோ போட்டுக்கொள்ளலாம். லேன் சிப்புக்கே உரிய எண்ணான மேக் முகவரியோடு பூட்டிய சாஃப்ட்வேர் இருந்தால் மட்டும் லைசன்ஸை மறுபடி வாங்கவேண்டியிருக்கும், அதை உரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

சூடாவது சூப்பர் ஐஓ என்றால் வேலை கொஞ்சம் கடினம். நான்கு பக்கமும் கால்கள் உள்ள, பெரும்பாலும் 128 கால் சிப் அது, ஐடிஇ அல்லது நியூவோடன் என்று மேலே எழுதியிருக்கும். பவர் பட்டனைக் கேட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரைக் கீழே இழுப்பது இதுதான், அதனால் இது இல்லாமல் போர்டு எழவே எழாது. எண் அப்படியே பொருந்துகிற சிப்பை வேறொரு செத்த போர்டிலிருந்து எடுத்துப் போடவேண்டும். பின்னால் வருகிற ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. எடுக்கும்போது புள்ளி இருக்கிற மூலை எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட் இல்லாமலும் இந்தச் சிப் கெட்டிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் பச்சை ஒயரில் 5 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும், பட்டனை அமுக்கினால் 0-க்கு இறங்கவேண்டும். 3.3 ஸ்டேண்ட்பையும் பேட்டரியும் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல், அடுத்தது சிப்செட் மேல். பட்டனையே தொடாமல் பிளக் போட்டதும் ஃபேன் சுற்றினால் அதுவும் பெரும்பாலும் இதன் வேலைதான்.

மஞ்சள் ஒயர் அடித்திருந்தால்

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்ற மெஷின் என்றால் கதை வேறு. அங்கே 12 வோல்ட் ஏறியிருக்கலாம், அடி விழுவது பிராசஸரைச் சுற்றி இருக்கிற, 12 வோல்ட்டை வெட்டிக் குறைத்துக் காயில் வழியாகப் பிராசஸருக்குக் கொடுக்கிற மாஸ்ஃபெட்களில். காயிலுக்கு முந்தைய மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராகப் பிராசஸருக்கே போய்விடும். அதனால்தான் பிராசஸரைக் கழற்றி அளக்கச் சொல்வது. பிராசஸர் உள்ளே இருக்கும்போது காயிலில் சில ஓம், புதிய பிராசஸர்களில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்துவிடக் கூடாது.

ஷார்ட் ஆன மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் பாதி நேரம் முதல் நொடியிலேயே மறுபடி போகும், ஏனென்றால் அதை ஓட்டுகிற டிரைவர் ஐசியும் கூடவே செத்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும், அந்த மாஸ்ஃபெட்டின் கேட் காலுக்குப் போகிற ரெசிஸ்டரையும் அளக்கவேண்டும். மாற்றிய பிறகு பிராசஸர் போடாமல் ஓடவிட்டுக் காயிலில் அளந்து, 12 வோல்ட் வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே பிராசஸரை வைக்கவேண்டும். முதலில் வைப்பது போனாலும் வருத்தமில்லாத ஒரு மலிவான பிராசஸராக இருக்கட்டும், உரியவருடையது கடைசியில்.

கெபாசிட்டர் மாற்றும்போது ஒன்றுதான் முக்கியம்: சாதாரண டிவி ரிப்பேர் கெபாசிட்டர் இங்கே உதவாது. 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்தது) என்று கேட்டு வாங்கவேண்டும். 6.3 வோல்ட் 1000 இருந்த இடத்தில் 10 வோல்ட் 1000 போடலாம், உயரமும் விட்டமும் இடம் கொடுத்தால்.

விட்டுவிடவேண்டிய போர்டு

எல்லாம் பிழைக்கும் என்று சொல்லிவிட முடியாது. லேன் சிப், சூப்பர் ஐஓ, பயாஸ் மூன்றையும் எடுத்த பிறகும் 3.3 ஸ்டேண்ட்பையில் ஷார்ட் அப்படியே இருந்து, மின்சாரம் கொடுத்ததும் சிப்செட் ஹீட்சிங்க் சுட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சிப்செட் அடியில் நூற்றுக்கணக்கான உருண்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றுகிற மெஷினும் நல்ல சிப்பும் கிடைத்தாலும் ஒரு பழைய டெஸ்க்டாப் போர்டுக்குச் செலவு கட்டாது. போர்டின் உள்ளடுக்கு எரிந்து கரியாகி, பிளந்து நிற்பதும் அப்படித்தான். அதை மறைக்காமல் உரியவரிடம் சொல்லிவிட வேண்டும், எந்த லைனில் எத்தனை ஓம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுக்கவேண்டும். அந்தப் போர்டிலேயே இன்னொரு போர்டுக்கு வேண்டிய லேன் சிப், மாஸ்ஃபெட், பயாஸ் எல்லாம் இருக்கின்றன. மாஸ்கிங் டேப் ஒட்டி “லேன் நல்லது, சூப்பர் ஐஓ எடுத்தாச்சு” என்று எழுதிப் பரணில் போட்டுவைத்தால் அடுத்த மழைக்கு உதவும்.

பிழைத்த போர்டு உரியவர் கைக்குப் போகும்போது, ராத்திரி கடை பூட்டும் முன் சுவர் சுவிட்சையும் அணைக்கச் சொல்லவேண்டும். ஷட்டவுன் போதாது. போர்டில் இருக்கிற 3 வோல்ட் சிமாஸ் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான் நஷ்டம். புது எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டுவதற்கு முன் ஊதாவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஒயரையும் அளந்து, அந்த எண்களை எஸ்எம்பிஎஸ் மேலேயே தேதியோடு எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

அப்புறம் அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ். அதை அப்படியே பழைய சாமான் கடையில் போட்டால், ஃபேன் சுற்றுகிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரோ அதை எடுத்து இன்னொரு மெஷினில் மாட்டிவிடுவார்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்து, 24 பின் கனெக்டரை அடியோடு வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.